முற்றத்து வெயில்

ஏப்ரல் 17
ஆத்தாவின் கண்ணுக்குச் சொட்டு மருந்து நான்கு வேளையும் தவறவில்லை. ஆனால் இரண்டு முறை ஆத்தா விறகடுப்புக்குப் போய்விட்டார். "வைத்தியம் கண்ணுக்குத்தானே, கைக்கு என்ன?" என்கிறார். புகை ஆகவே ஆகாது.

ஏப்ரல் 18
பயலுக்குப் பள்ளியில் கொடுத்த விடுமுறை வேலை: சூரிய அடுப்பு. "அப்பத்தாவுக்குப் புகையில்லாத அடுப்பு" என்று அவனாகவே பெயர் வைத்துவிட்டான். ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு அட்டைப் பெட்டிகள், நடுவில் நாலு விரற்கடை உமி. உட்சுவரில் அலுமினியத் தாள், அடியில் கறுப்புக் காகிதம். மேலே மூடக் கண்ணாடி கிடைக்கவில்லை.

ஏப்ரல் 19
மேகம். தூண் தெரிகிறது, தூணின் செதுக்கல் தெரியவில்லை என்கிறார் ஆத்தா.

ஏப்ரல் 20
முற்றத்தை ஒட்டிய வளவில் தொங்கும் ஐயா படத்தின் கண்ணாடியை எடுத்துக்கொள்ளச் சொன்னது ஆத்தாதான். பின்புற ஆணிகளைப் பிடுங்கும்போது எனக்குக் கை நடுங்கியது. சரியாகப் பொருந்திவிட்டது. ஓரங்களில் துணி சுற்றி மைதாப் பசையால் அடைத்தோம்.

ஏப்ரல் 21
பாத்திரத்தைக் கறுப்பாக்க வேண்டும். கடைச் சாயம் சூடேறினால் நாற்றமடிக்கும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "கண்மைக்குக் கரி பிடிப்பதுபோலப் பிடியுங்கள்" என்றார் ஆத்தா. பின்கட்டில் ஆமணக்கெண்ணெய் விளக்கு, அதன் மேல் கவிழ்த்த பித்தளைத் தட்டு. அவரைப் பத்தடி தள்ளி உட்காரவைத்தேன். அங்கிருந்தே, திரியைத் தடிப்பாக்கு, தட்டை இறக்கு என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரை மணியில் தட்டின் அடியில் பட்டுப்போலக் கரி. கஞ்சியில் குழைத்து, மெல்லிய அலுமினியச் சட்டியின் வெளிப்புறமும் மூடியும் பூசினான் பயல். முழங்கை வரை கறுப்பு. என் சிறு வயதில் இதே தட்டில்தான் தங்கைக்கு மை எடுத்தார். இப்போது அந்தக் கண்களுக்கே மை கூடாது.

ஏப்ரல் 22
வெறும் தண்ணீர் வைத்துப் பார்த்தோம். 11 மணிக்கு 61 டிகிரி, 12:30-க்கு 88. வெயில் கண்ணாடி வழியாக நுழைகிறது, கறுப்பில் பட்டு வெப்பமாகிறது, அந்த வெப்பக் கதிர் கண்ணாடியைத் தாண்டி எளிதில் வெளியேறாது. 1767-இலேயே கண்ணாடிப் பெட்டி செய்து பார்க்கத் தொடங்கிய ஜெனீவா விஞ்ஞானி சொசூர், பின்னாளில் அதற்குள் 100 டிகிரியைத் தாண்டியிருக்கிறார் என்று பயலுக்குச் சொன்னேன். உச்சி வெயில் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல். பெட்டியின் பளபளக்கும் மூடியைச் செங்குத்தாக நிறுத்தினால் பயனில்லை, சற்றே வெளியே சாய்த்ததும் ஒளி சட்டியில் விழுந்தது.

ஏப்ரல் 23
கவுனி அரிசி. ஆத்தாவுக்கு அதுதான் வேண்டுமாம். இரண்டு மணி நேரம்தான் ஊறியது. முற்றத்தில் நண்பகலை ஒட்டி நாலு மணி நேரமே வெயில், அதற்குள் தாழ்வாரத்து நிழல் வந்துவிடுகிறது. நீராவி கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்து வெயிலை மறைத்தது வேறு. அரிசி பல்லில் நறுக்கென்றது. பயல் அழுதுவிட்டான். மொட்டை மாடியில் வைத்திருக்கலாம். ஆனால் ஆத்தா படியேறக் கூடாது, அவர் பார்க்கத்தானே முற்றத்தில் வைத்தோம்.

ஏப்ரல் 24
மேகம். மங்கல் அப்படியேதான்.

ஏப்ரல் 25
இரவு முழுக்க ஊறவைத்து, ஒன்றிரண்டாக உடைத்து, காலை 9 மணிக்கு மாடியில் வைத்தோம். பயல் அரை மணிக்கொருமுறை பெட்டியை வெயில் பக்கம் திருப்பிவிட்டு, இறங்கி வந்து அப்பத்தாவிடம் டிகிரி சொன்னான். 1:30-க்குத் திறந்தபோது குழைந்திருந்தது. சர்க்கரை, தேங்காய்ப்பூ, நெய். ஆத்தா இரண்டு கிண்ணம் சாப்பிட்டார். விறகு எரியவில்லை இன்று.

ஐயா படம் கண்ணாடியில்லாமல் தொங்குகிறது. தூசி படிகிறது, துடைக்கப் பயமாக இருக்கிறது.

ஏப்ரல் 26
நாளை மதுரை, முதல் பஸ். டாக்டர் என்ன சொல்வாரோ. பெட்டியையும் எடுத்துவரட்டுமா என்று கேட்கிறான் பயல். ஆஸ்பத்திரி வாசலில் நல்ல வெயிலாம்.