மலை தெரிந்த பிறகு

மலை கண்ணில் பட்டுவிட்டால் கால் தானாகப் போகும் என்று கிளம்பும்போது எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அப்படி நடக்கவில்லை. சத்திரப்பட்டி தாண்டி, விடியாத இருட்டில் பழனி மலை விளக்குகள் தெரிந்தபோது என் கால் அங்கேயே நின்றுவிட்டது. அவ்வளவு நேரம் சும்மா இருந்த இடது குதிகால் கொப்புளம், “வந்தாச்சு இல்ல?” என்று கேட்பதுபோல எரிய ஆரம்பித்தது.

பிப்ரவரி 4 அன்று குன்றக்குடியில் கிளம்பியவர்கள் நாங்கள், மொத்தம் பதினாலு பேர். 2025 தைப்பூசம் பிப்ரவரி 11. கூட்டத்துக்கு முன்பே தரிசனம் முடித்துவிடலாம் என்பது குருசாமியின் கணக்கு. சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று ஆறு நாள். அதைப் பற்றிச் சொல்ல நிறைய இல்லை: தார் ரோடு, சாம்பார் சாதம், மறுபடியும் தார் ரோடு. யாரோ முகம் தெரியாதவர்கள் வழிநெடுகப் பந்தல் போட்டு மோரும் சுக்குக் காப்பியும் கொடுத்தார்கள். குடித்த டம்ளரைச் சாலையிலேயே வீசிவிட்டு “அரோகரா” சொல்கிறவர்களைப் பார்த்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும். முருகன் காதில் எது முதலில் விழும் என்று தெரியவில்லை.

நகரத்தார் காவடிகளும் அதே சாலைதான். நானூறு வருடத்துக்கும் மேலான வழக்கம் அவர்களுடையது. எங்களைப் போல பஸ்ஸில் திரும்புவதும் கிடையாது. காவடியைச் செலுத்திவிட்டு ஊருக்கும் நடந்தே வருவார்கள். ஆயக்குடிக்கு முன்னால் நான் உட்கார்ந்துவிட்ட மைல்கல் பக்கத்தில் ஓர் ஆச்சி நின்றார். எழுபது வயது இருக்கும், வெறுங்கால்.

“என்ன தம்பி, மலை தெரிஞ்சதும் உக்காந்துட்டிய?”

“கால் வலிக்குது ஆச்சி.”

“தெரியாத வரைக்கும் நடந்தியள்ல. தெரியலைன்னு நெனச்சுக்கிட்டு நடங்க.”

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். நானும் தலையைக் குனிந்துகொண்டு, முன்னால் போனவரின் பச்சை வேட்டி விளிம்பை மட்டும் பார்த்தே நடந்தேன். ஆயக்குடியில் விடிந்தது. கூடைகளில் கொய்யா வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஆறு நாளில் நான் தின்றவற்றிலேயே ருசியானது, அங்கே உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கொடுத்த அந்தக் கொய்யாதான்.

இடும்பன் குளத்தில் குளித்தோம். சிவகிரி, சக்திகிரி என்று இரண்டு மலையைத் தோளில் தூக்கி வந்தவன் இடும்பன். இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை என்பது கதை. சின்ன வயதில் கேட்டபோது அது முருகனின் விளையாட்டு என்றுதான் புரிந்தது. கொஞ்ச நேரம் படுத்துவிட்டு எழுந்திருக்கப் பார்த்தபோது இடும்பன் பக்கத்து நியாயமும் புரிந்தது.

அப்புறம் கிரிவீதி. மலைமேல் செல்போனுக்குத் தடை, 2023 அக்டோபரிலிருந்து. ஆறு நாளும் விடாமல் ஸ்டேட்டஸ் போட்டுக்கொண்டிருந்த எங்கள் கடைக்குட்டி சாமி, முகம் வாடிப்போய் போனைக் கொடுத்து டோக்கன் வாங்கினான். படிக்கட்டு 693 என்பார்கள். நாங்கள் யானைப்பாதையில் ஏறினோம். சரிவு, ஆனால் சுற்று. மதியம் ஒரு மணிக்கு வரிசையில் நின்றோம். ஆறு நாளாக ஒருவருக்கொருவர் காத்து நின்ற பதினாலு பேரும் அந்தக் கம்பித் தடுப்புக்குள் பிரிந்துபோனோம். எனக்கு முன்னால் ஒரு தெலுங்குக் குடும்பம், பின்னால் பாலக்காட்டுக்காரர்கள்.

சன்னதிக்கு வந்தபோது சாயரட்சை, அதாவது சாயங்காலப் பூஜை, முடிந்திருந்தது. கோவணாண்டியைத்தான் நினைத்துக்கொண்டு நடந்தேன். அங்கே நின்றது ராஜ அலங்காரம். கிரீடமும் பட்டுமாக ஒரு ராஜா. “நகருங்க, நகருங்க” என்று தோளில் ஒரு கை. என்ன வேண்டிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன், ஒன்றும் வாயில் வரவில்லை. மூன்று நொடி இருந்திருக்கும். வெளியே வந்து மேற்குப் பக்கம் காற்று அடித்தபோதுதான் அழுகிறேன் என்று தெரிந்தது. காலா, சாமியா, எதற்காக என்று எனக்கே பிடிபடவில்லை.

அடிவாரத்தில் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். பஞ்சாமிர்தம் வாங்கினோம். குருசாமி மாலையைக் கழற்றிவிட்டார். அதுவரை எல்லோரும் எல்லோருக்கும் “சாமி”. கழற்றிய அடுத்த நிமிடமே ஒருத்தர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவே எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

இரவு காரைக்குடி பஸ். ஒட்டன்சத்திரம் வருவதற்குள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். நத்தத்துக்கு முன்னால், நாங்கள் மூன்றாம் நாள் படுத்துக் கிடந்த புளியமரம் ஜன்னலில் வந்தது. அதனடியில் யாரோ புதிதாக வந்து, துண்டு விரித்துக் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். பக்கத்தில் இருந்தவரை எழுப்பிக் காட்டலாமா என்று நினைப்பதற்குள் பஸ் தாண்டிவிட்டது.