தட்டினால் தெரியும்

நீச்சல் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து காலை நனைத்தபோதுதான் விளிம்புக் கல் ஆடுவது தெரிந்தது. பழைய குளம், சரி. ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஒவ்வொரு டைலாகத் தட்டிப் பார்த்தேன். பிடித்திருப்பது 'டக்' என்றது. விட்டுப்போனது காலிப் பானை மாதிரி ஒலித்தது. 17 டைல்கள் தேறவில்லை.

முன்பு விழுந்ததை மட்டும் வெள்ளை சிமெண்டில் ஒட்டியிருந்தேன். ஒரே வருடம்தான் தாங்கியது. உண்மையான வில்லன், விளிம்புக் கல்லுக்கும் வெளித்தளத்துக்கும் நடுவில் இருந்த இடைவெளி. யாரோ அதைச் சிமெண்டால் அடைத்திருந்தார்கள். வெயிலில் விரியும் தளம் கல்லை உந்த, கல் தனக்குக் கீழே உள்ள டைலைப் பெயர்க்கிறது.

இந்த முறை தண்ணீரை டைல் வரிசைக்கு ஒரு சாண் கீழே இறக்கினேன், அவ்வளவுதான். முழுக்க வடித்தால், நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருக்கும் இடத்தில் அந்த நீர் குளத்தையே தூக்கிவிடக்கூடும். அப்புறம் இரண்டு நாள் உளியோடு மல்லுக்கட்டு. பழைய கலவை ஒட்டிக்கொண்டிருந்தால் புதுப் பசை பிடிக்காது. டைல்களை ஒட்டியபின், இடைவெளியில் நுரைக் கயிறு திணித்து, மேலே ரப்பர் மாதிரி நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட் நிரப்பினேன். தடவிவிடும்போது என் கட்டைவிரல் ரேகை ஓரிடத்தில் பதிந்துவிட்டது. இருக்கட்டும். பசை இறுகட்டும் என்று தண்ணீரை இன்னும் ஏற்றவில்லை.