நீச்சல்குளத்து நீர் எங்கே போகிறது? அளந்து பார்த்த அனுபவம்

கும்பகோணத்தை ஒட்டிய எங்கள் வீட்டு நீச்சல்குளம் 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் உடையது. இந்தப் பரப்பில் நீர்மட்டம் 1 மில்லிமீட்டர் இறங்கினாலே 32 லிட்டர் குறைந்துவிடும். மேட்டூர்த் தண்ணீரை நம்பி நாற்றங்கால் காத்திருக்கும் ஊரில், குறைந்ததையெல்லாம் போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருக்க எனக்கு மனம் வரவில்லை.

நீர் ஆவியாகிறதா, கசிகிறதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். ஒரு வாளியில் குளத்து நீரையே நிரப்பி, மிதக்காதபடி உள்ளே கல் வைத்து, குளத்தின் படியில் அமர்த்தினேன். உள்மட்டமும் வெளிமட்டமும் ஒன்றாக இருக்கும்படி சரிசெய்து, இரண்டையும் பென்சிலால் குறித்துக்கொண்டு, குளத்தில் யாரும் இறங்காமல் 24 மணி நேரம் விட்டுவைத்தேன். வாளியில் 7 மில்லிமீட்டரும் குளத்தில் 11 மில்லிமீட்டரும் குறைந்திருந்தன. வாளியில் குறைந்தது ஆவியானது. மிச்சம் 4 மில்லிமீட்டர், அதாவது நாளொன்றுக்கு 128 லிட்டர், கசிவு.

பம்ப்பை நிறுத்திவிட்டு அளந்தபோதும் வேறுபாடு மாறாததால், பம்ப் ஓடும்போது அழுத்தம் ஏறும் குழாய்களின் மேல் எனக்குச் சந்தேகம் எழவில்லை. நீர் அசையாதிருந்த நேரத்தில் மேல்மட்டக் குப்பையை இழுத்துக்கொள்ளும் ஸ்கிம்மரின் வாயிலும் விளக்குக் குழியிலும் சாயத்தைத் துளித்துளியாக விட்டேன். விளக்கின் கம்பி நுழையும் துளையருகே விட்ட சாயம் கலைந்து பரவாமல், நூல்போல் நீண்டு உள்ளே இழுபட்டது. மின்சாரத்தைத் துண்டித்து, நீருக்குள்ளேயே இறுகும் எபாக்ஸி பசையால் அத்துளையை அடைத்த பிறகு, குளமும் வாளியும் ஒரே அளவில் இறங்கின.

இனி எஞ்சியது ஆவியாதல். வெயிலைவிட ஆடிக்காற்றே பெரும் காரணம் என்று கருதுகிறேன்; நீர்ப்பரப்பின் மேல் தங்கும் ஈரக்காற்றை அது ஓயாமல் அடித்துச் சென்றுவிடுகிறது. தென்மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டி கட்டியதில், அதே அளவு காற்றடித்த நாட்களில் இழப்பு 5 மில்லிமீட்டராகக் குறைந்தது. நீல நிறக் குமிழ் விரிப்பை மூடிவைத்த நாட்களில் 1 மில்லிமீட்டர்கூட எட்டவில்லை. குளோரின் செலவும் குறைந்தது.

அலசும்போதும் நீர் வீணாவதால், மணல் வடிகட்டியை இப்போது அழுத்தம் ஏறியதாக அழுத்தமானி காட்டினால் மட்டுமே அலசுகிறேன். அடித்தளத்தில் தெரியும் மயிரிழை விரிசலுக்காகக் குளத்தை வடிக்கும் வேலையைப் பங்குனிக்குத் தள்ளிவைத்திருக்கிறேன். ஐப்பசி மழையில் நிலத்தடி நீர் மேலேறும்போது குளம் வெறுமையாக இருந்தால், அந்நீரின் அழுத்தம் அடித்தளத்தையே தூக்கிவிடக்கூடும்.