டெகாவின் நடனக்காரியைக் கையால் மறைத்துவிட்டுப் பாருங்கள்

நுண்கலைப் பட்டப்படிப்பில் எனக்கு முதல் ஓவிய விளக்கத் தேர்வு. பிரெஞ்சு ஓவியர் எட்கர் டெகா 1876 வாக்கில் வரைந்த 'நட்சத்திரம்' வந்திருந்தது. பாலே, வெள்ளை உடை, மேடை வெளிச்சம். நளினம், மென்மை, அழகு என்று மூன்று பக்கம் எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. ஆசிரியை திட்டவில்லை. படத்தை மேசையில் வைத்து, நடனக்காரியை உள்ளங்கையால் மூடி, "இப்போ என்ன தெரியுது, சொல்லும்மா" என்றார்.

அப்போதுதான் அவன் கண்ணில் பட்டான். இடப்பக்கம் மேலே, சைடு விங்கில், அதாவது மேடையின் பக்கவாட்டு மறைவில், கருப்புக் கோட்டு போட்ட ஒருவன். உடம்பு தெரிகிறது, முகத்தை மேடைக் காட்சித் தட்டி ஒன்று மறைத்துவிட்டது. அவனைச் சுற்றி முறை வரக் காத்திருக்கும் பெண்கள். அந்தக் காலத்துப் பாரிஸ் ஓபரா அரங்கில் இருக்கைக்குச் சந்தா கட்டிய பணக்காரச் சந்தாதாரர்கள் மேடைக்குப் பின்னால் வந்து போகலாம். ஆடிய பெண்களில் பலர் ஏழை வீட்டுப் பிள்ளைகள். பயிற்சிச் சிறுமிகளைக் 'குட்டி எலிகள்' என்றே கூப்பிட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு கையை எடுத்தால் படமே வேறு. அவள் கழுத்து ரிப்பனும் அவன் கோட்டும் ஒரே கருப்பு. நாம் அவளைப் பார்ப்பதும் மேலிருந்து, விலை கொடுத்து வாங்கிய பால்கனி இருக்கையிலிருந்து பார்ப்பதுபோல.

தேர்வு எழுதப்போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். முதல் ஐந்து நிமிடம் பேனாவைத் தொடாதீர்கள். யார் எங்கே பார்க்கிறார்கள், ஓவியர் எங்கே நின்று பார்க்கிறார், சட்டத்தின் ஓரத்தில் எது பாதியாக வெட்டுப்படுகிறது என்று தேடுங்கள். வரலாறு படித்திருப்பீர்கள், சரி. கண்ணால் கண்ட ஒன்றுக்கு அது துணை நிற்கும் இடத்தில் மட்டும் எழுதுங்கள். கோட்டுக்காரனைக் காட்டாமல் சந்தாதாரர் கதையை எழுதினால் அது மனப்பாடம்தான். அவன் யாரென்று படம் சொல்வதில்லை. அதனால் 'அவளுடைய புரவலனாக இருக்கலாம்' என்ற அளவோடு நிறுத்துங்கள்.

அடுத்த தேர்வில் டெகாவின் 'நடன வகுப்பு' வந்தது, பாரிஸ் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிற படம். வயதான ஆசான் ஜூல் பெரோ கோலை ஊன்றி நிற்கிறார். ஒரு பெண் பியானோமேல் உட்கார்ந்து முதுகைச் சொறிகிறாள். கீழே தரையில் ஒரு பூவாளி. பலகைத் தரையில் தூசி பறக்காமல் தண்ணீர் தெளிக்க வைத்தது அது. என் விடையை அந்தப் பூவாளியிலிருந்துதான் தொடங்கினேன்.