பத்து சென்ட் சாணம், பத்து சென்ட் டி.ஏ.பி.

நீலகிரியின் கேத்தி பள்ளத்தாக்கில் எங்களுக்கு இருப்பது 20 சென்ட். போன கார்போகத்தில், அதாவது மழைக்கால உருளைப் பருவத்தில், அதை நடுவே கயிறு கட்டிப் பிரித்தேன். மேல்பாதிக்குச் சாண எரு மட்டும், கீழ்பாதிக்கு டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் என்று கடை உரம். இரண்டிலும் அதே குஃப்ரி ஜோதி ரக உருளை விதைக்கிழங்குதான். "ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு அடுப்பு?" என்றார் அத்தை.

மேல்பாதிக்கு ஒரு டன் எரு இறக்கினோம். குவியலைப் பார்த்தால் மலைப்பாக இருந்தது. கணக்குப் போட்டால் சப்பென்று போனது. சாண எருவில் மணிச்சத்து (பாஸ்பேட்) ஏறக்குறைய 0.2 சதவீதம், அதாவது டன்னுக்கு 2 கிலோ. டி.ஏ.பி.யில் 46 சதவீதம். 20 கிலோவை நான் ஒருத்தியே தூக்கிப் போனேன், அதில் 9 கிலோ மணிச்சத்து. சாணத்தில் அதை ஈடுகட்ட நாலரை டன் வேண்டும். நீலகிரி மண் புளிப்பு மண். அதிலுள்ள இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பிடித்துக்கொண்டு செடிக்கு விடாது. மலை உருளைக்கு ஹெக்டேருக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) 120 கிலோ, மணிச்சத்து 240 கிலோ என்று பரிந்துரைப்பது அதனால்தான். போதாததற்கு இந்தக் குளிரில் எரு மெதுவாகத்தான் கரைகிறது. கிழங்கோ நான்கு மாதத்தில் தோண்டியாக வேண்டிய பயிர்.

ஜூன் மாதம் கீழ்பாதி கரும்பச்சையாகத் தளதளத்தது. மேல்பாதி வளர்த்தியில் பின்தங்கியிருந்தது. ஆடி மழையில் இலைக் கருகல் நோய் வந்தபோது அந்தத் தளதளப்பில்தான் முதலில் பிடித்தது, மருந்தடித்துக் காப்பாற்றினோம்.

எருவை விற்றவர் நன்றாக மக்கியது என்றார். கையில் எடுத்தால் வைக்கோல் வைக்கோலாக வந்தது, சாண வாடையும் போகவில்லை. தெரிந்தேதான் போட்டேன், நடவு தள்ளிப்போகக் கூடாதே என்ற அவசரம். ஆகஸ்டில் மேல்பாதியில் கொத்து போட்டதும், பழுப்புத் தலையோடு சுருண்டு கிடந்த கொழுத்த வெண்புழுக்கள் வந்தன. கிழங்கில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்குத் துளை. ஆனால் மண் என்னவோ பொலபொலவென்று உதிர்ந்தது. கீழ்பாதியில் கட்டி உடைத்தே தோள் வலித்தது.

கீழே 15 மூட்டை, மேலே 11. புழு குடைந்ததைக் கழித்தால் ஒன்பதரை. மேட்டுப்பாளையம் மண்டியில் 45 கிலோ மூட்டைக்கு ஒரே விலைதான் போட்டார்கள், சாணத்தில் விளைந்தது என்று எடுத்துச் சொல்லியும்.

இரண்டையும் தனித்தனியாக வேகவைத்து அத்தையிடம் நீட்டினேன். இரண்டையும் தின்றுவிட்டு, உப்பு குறைவு என்றார்.

இந்த முறை தை மாதமே சாணத்தைக் குழியில் போட்டு மூடிவிட்டேன். டி.ஏ.பி. பாதியளவு, அதுவும் சாலில் எருவின் மேலேயே. கயிற்றில் இப்போது துணி காய்கிறது.