1972 பிக்கப்: கேபின் முதல் பானட் வரை இடைவெளிகளை நேராக்கிய அனுபவம்

என்னிடம் வந்தபோது அந்த 1972 ஷெவர்லே சி-10 பிக்கப்பின் இடது கதவுக்கும் முன் மட்கார்டுக்கும் நடுவே மேலே 9 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது, கீழே 3. இப்படிச் சாய்ந்த இடைவெளிக் கோட்டைப் பார்த்ததும் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கீலைத் தளர்த்திக் கதவைத் தூக்கு. முன்பு வைத்திருந்தவர்களும் அதைத்தான் செய்திருக்க வேண்டும். கீல் போல்ட்களின் தலைகள் மழுங்கிப் போயிருந்தன. கோடு மட்டும் நேராகவில்லை. கதவில் தெரிகிற கோணல் கதவில்தான் பிறந்ததா என்று தெரியாமல் ஸ்பேனரைத் தொடக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

அதைத் தெரிந்துகொள்ள எளிய வழி இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டு அதன் பின்விளிம்பைப் பாருங்கள். கதவுக்கும் கேபினின் பின்தூணுக்கும் இடையிலான கோடு மேலும் கீழும் ஒரே அளவாக இருந்தால் கதவு சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது, கோணல் மட்கார்டில். பின்கோடும் சாய்ந்திருந்தால் கதவு தொங்குகிறது என்று பொருள். என் வண்டியில் இரண்டும் கலந்திருந்தன. திறந்த கதவின் பின்முனையைப் பிடித்துத் தூக்கினால் கீலில் ஆட்டம் கையிலேயே தெரிந்தது. ரேடியேட்டரைத் தாங்கும் முன்சட்டத்துக்கு அடியில் இருந்த ரப்பரோ நசுங்கி, வெறும் வாஷர் அளவுக்கு மெலிந்திருந்தது. மட்கார்டுகளின் முன்பாரம் முழுவதும் அந்தச் சட்டத்தில்தான் இறங்குகிறது.

1967 முதல் 1972 வரை வந்த இந்த வகை பிக்கப்களில் துருப் பிடிக்கும் இடங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை: கதவுக்கு அடியில் ஓடும் படிப்பட்டி, கேபினின் பின்கீழ் மூலைகள், முன்தரையைத் தாங்கும் இரும்பு. என்னுடையது அமெரிக்காவின் ஒஹாயோவில் ஓடிய வண்டி. அங்கே பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பைத் தூவுவார்கள். மூன்று இடத்தையும் வெட்டி மாற்ற வேண்டியிருந்தது. வெட்டுவதற்கு முன் கதவு வாசலில் குறுக்காகச் சதுரக் குழாய்களை வெல்டிங் செய்து பூட்டிவிட்டேன். படிப்பட்டியை எடுத்ததும் கேபின் தன் பாரத்திலேயே வளையும். வளைந்த நிலையில் புதுப் பட்டியைப் பற்றவைத்தால் அந்த வளைவு நிரந்தரமாகிவிடும். பிறகு எந்தக் கீலாலும் அதை மீட்க முடியாது.

வேலையின் வரிசை இதுதான்: சேசிஸ் என்கிற அடிச்சட்டம், கேபின், கதவு, மட்கார்டு, பானட், கடைசியில் பின்தொட்டி. சேசிஸை நான்கு ஸ்டாண்டுகளில் ஏற்றி ரசமட்டம் பார்த்தேன், மூலைவிட்டங்களை அளந்தேன். கேபினுக்கும் முன்சட்டத்துக்கும் ஒரே நேரத்தில் புது ரப்பர் போட்டேன். கேபினுக்கு மட்டும் போட்டால் அது உயர்ந்து நிற்கும், முன்சட்டம் தாழ்ந்தே இருக்கும், மேலே இருக்கும் இடைவெளி இன்னும் விரியும்.

கதவுக்கு வருகிறேன். கீல்களின் ஊசிகளை மாற்றினேன். பூட்டு மாட்டும் ஸ்ட்ரைக்கரைக் கழற்றி ஓரமாக வைத்தேன். அது இருந்தால் சாத்தும்போது கதவைத் தூக்கிக் கொடுத்துப் பொய் சொல்லும். ஓரத்து ரப்பரையும் எடுத்துவிட்டேன். கண்ணாடியும் அதை ஏற்றி இறக்கும் இயந்திரமும் மட்டும் கதவுக்குள்ளேயே இருந்தன. அந்தப் பாரம் இல்லாமல் பார்க்கிற அளவு நிலைக்காது. கதவுக்கு அடியில் மரக்கட்டை வைத்த ஜாக்கி. போல்ட்களை முழுதும் தளர்த்தாமல், தட்டினால் நகரும் அளவுக்கு மட்டும் விட்டேன். முதலில் பார்த்தது பின்தூணும் படிப்பட்டியும்தான். அப்போது மட்கார்டு வண்டியிலேயே இல்லை. விளிம்புகளில் காகித டேப் ஒட்டி, பெயின்ட் கலக்கும் மரக்குச்சிகளை இடைவெளியில் செருகி, குச்சி மேலிருந்து கீழ்வரை ஒரே இறுக்கத்தோடு நழுவும்வரை தட்டினேன். ஒரு கீலை நகர்த்தும்போது மற்றதைத் தொடாமல் இருப்பது முக்கியம். மேல்கீலை ஒரு மில்லிமீட்டர் முன்னே தள்ளினால் கதவின் பின்முனை அதைவிட அதிகமாக எழும்பும், ஏனென்றால் இரண்டு கீல்களுக்கும் இடையிலுள்ள உயரத்தைவிடக் கதவின் நீளம் அதிகம்.

புது ஓரத்து ரப்பரைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது கிடைப்பவை பழையதைவிடக் கெட்டியானவை. அளவு சரியான பின் ரப்பரை ஒட்டிப் பார்த்தால் கதவு வெளியே துருத்தும். உடனே கீலைத் தொடாதீர்கள். கதவைச் சில நாள் சாத்தியே வையுங்கள், ரப்பர் படிந்துவிடும்.

மட்கார்டைப் பூட்டியதும் கோடு மீண்டும் மேலே அகலமாகத்தான் நின்றது, ஆனால் வித்தியாசம் 2 மில்லிமீட்டர்தான். இந்த வேலையிலேயே எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. முன்சட்டத்துக்கு அடியில் உயரம் கூட்டும் ஷிம் தகடு வைத்தால் மட்கார்டின் மூக்கு எழும்புகிறது. பின்விளிம்பின் மேல்முனை கதவை நோக்கி வருகிறது, கீழ்முனை விலகுகிறது. 3 மில்லிமீட்டர் தகடு கதவருகே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டராகத் தெரியும். இரண்டு தகடுகள் வைத்ததும் மரக்குச்சி மேலும் கீழும் ஒரே மாதிரி நழுவியது. கீலில் எதையும் தொடாமலே கோடு நேரானது.

பானட்டின் ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுத்தான் அதைப் பொருத்த வேண்டும். இந்த மாடலில் பானட் கீல் இறுகிப்போனால் சாத்தும்போது பானட்டே மடங்கிவிடும். கீலுக்கு எண்ணெய் விட்டு, ஒரு விரலால் அசைக்க முடிகிறதா என்று பார்த்த பிறகே மாட்டினேன். பின்தொட்டியில் பெரிய சிக்கல் இல்லை. கேபினுக்கும் தொட்டிக்கும் நடுவே தாராளமாக இடம் விட வேண்டும். பள்ளத்தில் இறங்கினால் சேசிஸ் முறுகும், இரண்டும் உரசக் கூடாது. மட்கார்டில் தொடங்கும் பக்கவாட்டு மடிப்பு கதவு வழியாகத் தொட்டியின் கடைசிவரை ஒரே கோடாக ஓடினால் போதும். அதற்கு ஒரு நூலைக் கட்டிப் பார்த்தேன்.

வலது மட்கார்டு கடையில் வாங்கிய புதுத் தகடு. அதன் விளிம்பு நடுவில் 3 மில்லிமீட்டர் உள்வாங்கியிருந்தது. பலர் இதைப் பட்டி (பூசி நிரப்பும் பசை) போட்டு நிரப்புவார்கள். எனக்கு அது பிடிக்காது. திறந்து மூடும் விளிம்பில் போட்ட பட்டி என்றாவது ஒருநாள் பெயர்ந்து விழும். விளிம்பிலேயே புள்ளி புள்ளியாக வெல்டிங் வைத்து, ஒரு புள்ளிக்கும் அடுத்ததுக்கும் இடையே தகடு ஆறவிட்டு, கிரைண்டரால் தேய்த்துக் கொண்டுவந்தேன். மெதுவான வேலை; அவசரப்பட்டால் தகடு நெளியும்.

எல்லாம் பொருந்திய பின்தான் பிரித்து பெயின்ட் அடிக்க அனுப்ப வேண்டும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு கீலிலும், தூணையும் சேர்த்து ஊடுருவும்படி 3 மில்லிமீட்டர் துளை ஒன்று போட்டேன். திரும்பப் பூட்டும்போது அதே அளவு டிரில் பிட்டை ஊசியாகச் செருகினால் கீல் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். பிரைமரும் பெயின்டும் ஒரு விளிம்புக்குக் கால் மில்லிமீட்டர் ஏறும் என்று வைத்து, இடைவெளியை 5 மில்லிமீட்டராக விட்டிருந்தேன். பெயின்ட் முடிந்து அளந்தபோது இடது பக்கம் 4.5 இருந்தது.

வண்டி ஓடத் தொடங்கிய பிறகு புது ரப்பர்கள் இன்னும் கொஞ்சம் அமுங்கும். ஒரு மாதம் ஓட்டிவிட்டு முன்சட்டத்தின் போல்ட்களை மறுபடி இறுக்கினேன். வலது பக்கத்தில் மட்டும் ஒரு மெல்லிய தகடு கூடுதலாகத் தேவைப்பட்டது.