சர்வே எண் இல்லாதவர்கள்

நகரமைப்பு வேலையில் இருப்பவர்களுக்கு ஆட்சேபணைக் காலம் என்பது திருவிழாக் காலம் மாதிரி. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் முழுமைத் திட்டத்தின் (மாஸ்டர் பிளான்) வரைவு ஓர் ஊருக்கு வெளியானதும், அதைப் பார்த்து எழுத்து மூலம் ஆட்சேபணையோ ஆலோசனையோ சொல்ல மக்களுக்குக் குறைந்தது இரண்டு மாதம் தர வேண்டும் என்கிறது 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம். அந்த நாட்களில் தபால் பிரிவிலிருந்து மனுக்கள் கட்டுக்கட்டாக வரும். அவற்றைப் பிரித்துப் படித்து அட்டவணை போடுவது பல வருடம் என் வேலை.

மனுக்கள் பெரும்பாலும் ஒரே போக்கில்தான் இருக்கும். 'ஐயா, மேற்படி கிராமத்தில் எனக்குப் பாத்தியப்பட்ட நிலம்' என்று தொடங்கும். பட்டா நகல், வில்லங்கச் சான்று, புலப்படம் எல்லாம் இணைத்திருப்பார்கள். மூலப்பத்திரம் முழுவதையும் ஜெராக்ஸ் எடுத்து நூல் போட்டுக் கட்டி அனுப்பியவர்களும் உண்டு. கோரிக்கை இரண்டில் ஒன்றாக இருக்கும். எங்கள் நிலத்தை விவசாய உபயோகம் என்று காட்டியிருக்கிறீர்கள், குடியிருப்பாக மாற்றுங்கள் என்பது ஒன்று. சாலையை அகலப்படுத்தும் கோடு எங்கள் வீட்டு மேல் போகிறது, நகர்த்துங்கள் என்பது மற்றொன்று. இவை நியாயமான கவலைகள்தான். வரைபடத்தில் ஒரு நிறம் மாறினால் அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கிடைக்குமா, வங்கி கடன் தருமா, மகள் கல்யாணத்துக்கு விற்றால் என்ன விலை போகும் என்பதெல்லாம் கூடவே மாறிவிடும்.

'ஜனங்களுக்கு அவங்கவங்க நிலம்தான் கவலை, ஊரைப் பத்தி யாருக்கு அக்கறை' என்று அலுவலகத்தில் அடிக்கடி சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இருந்ததில்லை. நாங்கள் போடும் அட்டவணையைப் பார்த்தாலே காரணம் புரியும். வரிசை எண், மனுதாரர் பெயர், கிராமம், சர்வே எண், கோரிக்கை, குறிப்பு. நான்காவது கட்டம் காலியாக இருந்தால் அந்த மனுவை எங்கே சேர்ப்பது என்று யாருக்கும் தெரியாது. சாலை, மழைநீர், பள்ளிக்கூடம், சுடுகாடு என்று ஊரைப் பற்றி எழுதியவர்களின் மனுக்கள் 'பொது' என்ற தலைப்பில் ஒரு கோப்பில் சேரும். மற்ற கோப்புகள் கூட்டத்துக்குப் போகும்போது அதற்கு மட்டும் நேரம் இருக்காது.

சரி, நிலமே இல்லாதவர் என்ன செய்வார்? இருபது வருடமாக வாடகைக்குக் குடியிருப்பவர், புறம்போக்கில் வீடு கட்டி மின் இணைப்பும் ரேஷன் அட்டையும் வாங்கி வாழ்பவர், ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவர், கடற்கரையில் வலை காயப்போடும் மீனவக் குடும்பம் என்று எத்தனையோ பேர் இருக்கிறார்கள். திட்டம் இவர்கள் வாழ்க்கையைத்தான் முதலில் தொடும். இவர்களிடமிருந்து வந்த மனுக்களை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சென்னைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நடந்த கருத்துக்கேட்புக் கூட்டம் நன்றாக நினைவிருக்கிறது. ஒரு வேலை நாளில், காலை பதினோரு மணிக்கு, கல்யாண மண்டபத்தில் நடந்தது. முன்வரிசையில் நிலம் வைத்திருந்தவர்களும் மனைப்பிரிவு போடுபவர்களும் உட்கார்ந்திருந்தார்கள். திரையில் வரைபடம். குடியிருப்புக்கு மஞ்சள், தொழிலுக்கு ஊதா, நீர்நிலைக்கு நீலம் என்று விளக்கக் குறிப்புகள் எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தன. ஏரிப் பக்கம் நூறு நாள் வேலையில் இருந்த சில பெண்கள், கூட்டம் நடப்பது தெரிந்து மண்வெட்டியோடு வந்து பின்னால் நின்றார்கள். அதில் ஒரு அம்மா கேட்டார்: "தம்பி, இதுல கலங்கல் எங்க இருக்கு?"

ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வழியும் இடம்தான் கலங்கல். ஏரியைக் காட்டினேன். "அங்கேருந்து தண்ணி எந்தப் பக்கம் போவுது?" என்றார். படத்தில் ஏரி நீலமாக இருந்தது. கரைக்கு வெளியே எதுவும் இல்லை. அவர் முன்னால் வந்து திரைத் துணியின் மேலேயே விரலை வைத்து, அம்மன் கோயில் தாண்டி, ரேஷன் கடைக்குப் பின்னால் இறங்கி, ரோட்டைக் கடந்து அடுத்த ஊர் ஏரி வரை ஒரு வழியைக் காட்டினார். "எங்க மாமனார் காலத்துலேருந்து இப்படித்தான் போவும். ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல எங்க தெருவுல இடுப்பு மட்டும் நின்னுச்சு." அவர் விரல் போன இடம் முழுவதும் மஞ்சள்.

மறுநாள் அவரோடு போய்ப் பார்த்தோம். தார்ச் சாலைக்கு அடியில் பழைய கல் மதகு ஒன்று இருந்தது. ஒரு பக்கம் மனைப்பிரிவின் சுற்றுச்சுவர் அதை ஒட்டியே எழும்பியிருந்தது. மறுபக்கம் சீமைக் கருவேலம் மண்டிக் கிடந்தது. குனிந்து டார்ச் அடித்தால் பாதி உயரத்துக்கு வண்டலும் பிளாஸ்டிக் பைகளும். பழைய புலப்படத்தை எடுத்துப் பார்த்தபோது வாய்க்கால் பாதித் தூரம்வரை கோடாக இருந்தது. அதற்கு அப்பால் வெறும் பட்டா நிலங்கள். அவை நெல் வயலாக இருந்தவரை, கலங்கல் தண்ணீர் வயலுக்கு வயல் வழிந்து அடுத்த ஏரிக்குப் போய்விட்டது. அதற்குத் தனியாக ஒரு வாய்க்கால் வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, அதனால் பதிவேட்டிலும் ஏறவில்லை. வயலை மனையாக்கினால் தண்ணீருக்கு வழியில்லாமல் போகும் என்பது எந்த ஆவணத்திலும் இல்லாத விஷயம். அந்த வயல்களில் நாற்று நட்டவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அலுவலகத்தில் அதைப் பதிவு செய்யும்போது முதல் கேள்வி, அந்த அம்மாவின் சர்வே எண் என்ன என்பது. அவருக்கு அங்கே ஒரு சென்ட் நிலம் கிடையாது. கடைசியில் மதகை ஒட்டிய நிலங்களின் எண்களை நாங்களே தேடி எழுதி, மனுதாரர் பெயரில் 'கிராமப் பொதுமக்கள்' என்று போட்டோம். பதிவேட்டில் வாய்க்கால் இருந்த அந்தப் பாதித் தூரம் வரைபடத்தில் நீலமாக ஏறியது. மீதி மஞ்சளாகவே நின்றுவிட்டது. அந்தப் பட்டாதாரர்களின் மனுக்களும் முறையாகச் சர்வே எண்ணோடு வந்திருந்தனவே.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் தனித்தனியானவை அல்ல. ஒன்றின் உபரி இன்னொன்றின் வரத்து. தென்சென்னையைச் சுற்றியுள்ள பல ஏரிகளின் உபரி பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு வந்து, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாயில் சேர்ந்து கோவளம் பக்கம் கடலுக்குப் போகிறது. அந்தச் சதுப்பு நிலத்தின் பெரும்பகுதி கட்டடங்களுக்கும் குப்பைமேட்டுக்கும் போன பிறகு, மிச்சத்துக்கு 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி கிடைத்தது. மேலிருக்கும் ஒரு கிராமத்தில் நூறு அடி வாய்க்கால் அடைபட்டால், அது அந்த ஊர்க் கதையோடு முடிவதில்லை.

அப்புறம் சில காலம், குடிசை மாற்று வாரியத்தின் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பை இடித்துக் கட்டும் பணியில் ஆலோசனைக் குழுவோடு இருந்தேன். அந்த வாரியம் 1970-இல் தொடங்கியது. 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாறினாலும் சென்னையில் இன்றும் 'ஹவுசிங் போர்டு' என்றுதான் சொல்வார்கள். எழுபதுகளில் கட்டிய வீடுகள் பல 200 சதுர அடியைச் சற்றே தாண்டும். கம்பி துருப்பிடித்து, மேல்தளம் பெயர்ந்து விழும் நிலை. 2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூரில் 24 வீடுகள் கொண்ட ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. உயிர்ச்சேதம் இல்லை. விரிசலைக் கவனித்து, குடியிருந்தவர்கள் முன்பே வெளியேறிவிட்டார்கள். ஒரு கட்டடத்தின் உடல்நிலை அதில் வாழ்கிறவர்களுக்கு எவ்வளவு நன்றாகத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சொல்ல?

நாங்கள் வேலை பார்த்த இடத்தில் வீட்டின் வரைபடத்தைக் காகிதத்தில் காட்டியபோது யாரும் பேசவில்லை. தலையாட்டினார்கள், 'நல்லாத்தான் இருக்கு சார்' என்றார்கள். குழுவில் இருந்த ஒரு இளம் பெண் பொறியாளர் கோலமாவு வாங்கிவரச் சொல்லி, இரண்டு பிளாக்குகளுக்கு நடுவே இருந்த வெற்றிடத்தில் 400 சதுர அடி வீட்டை நிஜ அளவிலேயே போட்டார். வாசல், ஹால், சமையலறை, குளியலறை, பால்கனி எல்லாம் வெள்ளைக் கோடுகள். மாலை ஆறு மணிக்கு மேல், வேலை முடிந்து வந்த பெண்கள் ஒவ்வொருவராக அந்தக் கோடுகளுக்குள் நடந்து பார்த்தார்கள். அன்று வந்த பேச்சு எந்தக் கூட்டத்திலும் வந்ததில்லை.

"இங்க அடுப்பு வெச்சா வாசல்ல போறவங்க எல்லாம் பாப்பாங்க." "கிரைண்டர் எங்க போடறது?" இட்லிக் கடை வைத்திருந்த அக்கா அங்கேயே உட்கார்ந்து, மாவு அரைக்கவும் அண்டாவை வைக்கவும் எவ்வளவு இடம் வேண்டும் என்று காட்டினார். மீன் விற்கும் ஒரு பாட்டி, அன்னக்கூடையைக் கழுவத் தரைத்தளத்தில் ஒரு குழாய் வேண்டும், ஐந்தாம் மாடிக்குத் தூக்கிப் போனால் லிஃப்டில் நாற்றம் என்று சண்டை வரும் என்றார். மீன்பாடி வண்டி ஓட்டுபவர்கள் வண்டியை நிறுத்த இடம் கேட்டார்கள். எதிரெதிர் வாசல் வேண்டாம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். வாசல் தள்ளிப் போனது, பால்கனியில் குழாய் வந்தது, கீழே கழுவுமிடமும் வந்தது.

மாடிகளின் எண்ணிக்கை மட்டும் அசையவில்லை. லிஃப்ட் பழுதானால் யார் பணம் போட்டுச் சரிசெய்வது, வயதானவர்கள் எப்படி இறங்குவார்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்டார்கள். மதிப்பீடும் நிதி ஒதுக்கீடும் முன்பே முடிந்திருந்ததால் அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஒரு வீட்டில் மூன்று குடும்பம், ஒதுக்கீட்டு ஆணையோ தாத்தா பெயரில் என்ற பிரச்சினையும் அப்படியே நின்றது. கட்டி முடியும்வரை வெளியே வாடகைக்குப் போகக் கருணைத் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000 ஆக இருந்தது கூட்டப்பட்டது என்றாலும், சென்னை வாடகையில் அது எத்தனை மாதம் வரும் என்பதை எல்லோரும் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். கோலமாவு போட்டதில் எனக்கு இன்றும் பெருமை உண்டு. ஆனால் அது இரண்டு வருடம் முன்பே நடந்திருக்க வேண்டும், எத்தனை மாடி, எத்தனை வீடு, எந்த இடம் என்பதெல்லாம் பேச்சில் இருந்தபோதே.

எந்த இடம் என்ற கேள்வி கேட்கப்படாமல் போனதன் விலையை, இடம்பெயர்க்கப்பட்டவர்களுக்காக நகரத்தின் தெற்கு விளிம்பில் கட்டிய கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் பார்க்கலாம். கூவம் கரையிலிருந்தும் நகரத்தின் நடுப்பகுதியிலிருந்தும் வேலையையும் பள்ளியையும் விட்டு அத்தனை தூரம் போனவர்களுக்கு வீடு கிடைத்தது. வீட்டு வேலை செய்து வந்த பெண்களுக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. பஸ் செலவு சம்பளத்தைத் தின்றது.

கேட்பதற்கு இடமே இல்லை என்று சொல்ல முடியாது. நகர உள்ளாட்சிகளுக்கு அரசியல் சட்டத் தகுதி தந்த 74-ஆவது திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டு நகரங்களில் வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைகள் 2022 நவம்பர் 1 அன்று கூடத் தொடங்கின. கிராம சபை இப்போது வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அதே 2022-இல் சென்னைப் பெருநகர்ப் பகுதியின் பரப்பு 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக விரிந்தது. ஏரியும் வயலுமாக இருக்கும் எத்தனையோ ஊராட்சிகள் பெருநகரத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. அந்த ஊர்களின் கிராம சபைகளில் தெருவிளக்கும் குடிநீரும் பேசப்படுகின்றன, பேசட்டும். கூடவே அந்த ஊர் வரைபடத்தைத் தமிழில், தெருப் பெயரும் ஏரிப் பெயரும் மதகும் தெரியும் அளவில் சுவரில் ஒட்டி, நிறம் தீட்டுவதற்கு முன்னால் கேட்க வேண்டும். தண்ணீர் எந்த வழி போகிறது, மாடு எங்கே மேய்கிறது, பிள்ளைகள் எந்த வழியாகப் பள்ளிக்கு நடக்கிறார்கள், யார் எங்கே வாடகைக்கு இருக்கிறார்கள். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. கூட்டத்தை மாலையில் வைத்தால் கூலிவேலைக்குப் போகிறவர்களும் வருவார்கள்.

2008-இல் ஒப்புதலான சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 2026 வரைக்குமானது. 2046 வரைக்குமான மூன்றாவது திட்டம் தயாராகி வருகிறது. வரைவு வெளியாகும்போது இதைப் படிப்பவர்கள் அவசியம் மனு எழுதுங்கள். நிலம் வைத்திருப்பவர்தான் எழுத வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை, வாடகைக்கு இருப்பவரும் எழுதலாம். உங்கள் தெருவில் எந்த வருடம், எந்த மாதம், எவ்வளவு உயரம் தண்ணீர் நின்றது, எத்தனை நாளில் வடிந்தது, எந்தப் பக்கம் வடிந்தது என்று எழுதுங்கள். அடையாளத்துக்குக் கோயிலோ பள்ளியோ மதகோ சொல்லி, கையால் ஒரு படம் வரைந்து, பழைய புகைப்படம் இருந்தால் பின்னால் இணைத்துவிடுங்கள். பக்கத்தில் இருக்கும் சர்வே எண் தெரிந்தால் அதையும் குறிப்பிடுங்கள், மனு 'பொது' கோப்புக்குப் போகாமல் இருக்கும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.